போடி மலையில் ஒரு நோட்டுப் புத்தகம்

போடிநாயக்கனூரில் இருட்டு விலகும் முன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்சட்டை, கையில் தூக்குவாளி, மழைக்கு மடித்த பிளாஸ்டிக் தாள். பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்ததும் வண்டி முந்தல் வழியாகப் போடிமெட்டு வளைவுகளில் ஏறும். மேலே போடிமெட்டோடு தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்க வேலை, பொழுது சாயும்போது இதே வளைவுகளில் இறக்கம். தேவாரத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும் இதே காட்சிதான். "எங்க போறீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். சொல்லிவைத்தாற்போல ஒரே பதில் வரும்: "காட்டுக்கு."

அந்தக் 'காடு' எது?

போடியைச் சுற்றி மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலமும் காடுதான். ஏலத்தோட்டமும் காடு. யானையும் காட்டுமாடும் திரிகிற இடமும் காடு. வனத்துறைக்குக் காடு என்றால் எல்லைக்கல்லும் அரசாணையும். மலைக்கு மேலே இருக்கும் ஏலமலைக் காப்புப் பகுதி சட்டப்படி வனமா, வருவாய் நிலமா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆக, கணக்கெடுக்க வருகிற ஒருவர் "காட்டுக்குப் போகிறேன்" என்ற பதிலைக் கேட்டு 'வனத்தொழில்' என்று குறித்துக்கொண்டால், எழுதியது எழுத்துப் பிழையில்லாமல் இருக்கும், பொருள் பிழைத்திருக்கும்.

மானிடவியல் என்ற அறிவுத்துறை தொடங்குவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சொல்லை அதைச் சொல்கிறவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளும்வரை நமக்கு எதுவும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது.

இதற்கு இத்துறையில் ஒரு பழைய பாகுபாடு உண்டு. உள்ளே வாழ்கிறவர்கள் உலகத்தைப் பகுத்துக்கொள்ளும் விதம் அகவயப் பார்வை. வெளியிலிருந்து ஆராய்கிறவர் தன் அளவுகோலால் பகுப்பது புறவயப் பார்வை. கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1954-இல் இந்தப் பாகுபாட்டை மொழியின் ஒலியிலிருந்து எடுத்தார். தமிழருக்கு இதை விளக்க ஓர் எழுத்துப் போதும். கடல், தங்கம், மகன் என்று வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். மூன்று இடத்திலும் வெவ்வேறு ஒலி. வெளிநாட்டுக்காரர் காதில் மூன்றாக விழும். நமக்கோ எல்லாம் 'க'. வேறுபாடு நம் காதில் விழாமலில்லை. நம் மொழிக்கு அது பொருட்டில்லை. அதேபோல, வெளியாள் ஒருவருக்கு ஏலத்தோட்டமும் பெருங்காடும் இரண்டு; போடிப் பெண்ணுக்கு, பேச்சு எதைப் பற்றியது என்பதைப் பொறுத்து, ஒன்றாகவும் ஆகும், இரண்டாகவும் ஆகும். எப்போது ஒன்று, எப்போது இரண்டு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மானிடவியலை நான்கு கிளைகளாகப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள்: உடல், தொல்லியல், மொழி, சமூகமும் பண்பாடும். தேனி மாவட்டத்தை விட்டு வெளியே போகாமலே இந்த நான்கையும் பார்த்துவிடலாம். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்ட கல். இலக்கணத்தில் மட்டும் படித்திருந்த 'ஆகோள்' என்ற சொல் கல்லிலேயே இருந்தது. இறந்தவன் பெயரும் ஊரும் எழுதப்பட்ட அந்தக் கல்தான் இந்த வட்டாரத்தின் மிகப் பழைய பதிவேடு. மனிதரை எழுதிவைக்கும் பழக்கம் இங்கே அவ்வளவு பழையது. யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்ற கேள்வியோடு அடுத்துவந்த பதிவேடுகளையும் புரட்ட வேண்டும்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கவைக்கோலும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மாகாணம் முழுக்கச் சுற்றி மூக்கின் அகலம், மண்டையின் நீளம், தோலின் நிறம் என்று அளந்து எழுதினார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். இன்றும் அதைப் புரட்டாமல் இந்தப் பக்கத்துச் சமூகங்களைப் பற்றி எழுதுகிறவர் குறைவு. சடங்குகள் பற்றிய செய்திகள் அதில் ஏராளம். ஆனால் தர்ஸ்டனே எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி அந்த ஏழு தொகுதிகளையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடம்புள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்களாம். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. விலங்குகளைப் பாடம் செய்துவைத்த கட்டடத்திலிருந்துதான் அவர் வந்திருந்தார். மூக்கின் அளவுக்கும் குலத்துக்கும் முடிச்சுப்போட்ட அந்த அறிவியல் பின்னாளில் பொய்த்துப்போனது. ஓடிய பெண்களின் கணிப்பு அவ்வளவு தவறில்லை.

அளப்பது அருங்காட்சியகத்தோடு நிற்கவில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் ஏறினார்கள். கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். ஒரு சமூகத்தை வெளியிலிருந்து வரையறுத்து ஏட்டில் எழுதினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நமக்கு வேண்டாம். மானிடவியல் படிக்க வருகிற எவரும் கேள்விப் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன் அந்த ஊர் நினைவுத்தூணுக்கு முன்னால் போய் ஒருமுறை நின்றுவிட்டு வர வேண்டும் என்பேன்.

பட்டியல் என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் பல்லையன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று தனித்தனிப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. போடி மலையிலும் பழனி மலையிலும் வருசநாட்டிலும் வாழும் பளியர்களை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு எழுத்தர் காதில் கேட்டபடி எழுதியதன் விளைவு என்றே அதைப் படிக்க முடிகிறது. முதுவர்களும் அதே பட்டியலில் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலுவலகப் படியேறும் ஒரு பளியர் பையனுக்கு அந்த ஓரெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அளப்பதற்கு மாற்றாக என்ன செய்வது? போய் உடனிருப்பது. பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகே டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரமடித்துத் தங்கி, அந்த மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்து எழுதிய நூல் 1922-இல் வந்தது. அதற்குப் பிறகு பங்கேற்று உற்றுநோக்கும் களப்பணி இத்துறையின் அடையாளமாகிவிட்டது. ஓராண்டாவது தங்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஏன் ஓராண்டு? விதைப்பும் அறுப்பும், கல்யாண மாதமும் ஆடி மாதமும், கையில் காசிருக்கும் காலமும் இல்லாத காலமும் ஒரு சுற்றுச் சுற்றி வர அவ்வளவு நாள் ஆகும். போடியில் ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதத்தில் மட்டும் வந்து போகிறவருக்கு ஊர் ஒரு மாதிரி தெரியும். கோடையில் வருகிறவருக்கு வேறு மாதிரி. 2011 டிசம்பரில், முல்லைப்பெரியாறு பதற்றத்தில் எல்லைச்சாலைகள் அடைபட்டிருந்த நாட்களில் வந்தவர் இரண்டு மாநில மக்களும் பகைவர்கள் என்று எழுதியிருப்பார். அதற்கு முந்திய ஆண்டு வந்திருந்தால், தோட்டத்துக்காரரின் மலையாளமும் வேலைக்காரரின் தமிழும் ஒன்றோடொன்று கலந்து ஓடுவதைக் குறித்திருப்பார். ஆண்டுக்கணக்கில் இருந்தவரால்தான் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடியும்.

உடனிருந்தால் மட்டும் எல்லாம் புரிந்துவிடுமா? இந்த மலைகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்குச் சுவையான விடை தருகிறது. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1962-இல் பளியர்களிடம் வந்தார். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டியும் பாறைத்தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். களப்பணிக்கு வந்தவர் வழக்கமாக என்ன செய்வார்? விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்துக் கேட்பார். ஆனால் பளியர்கள் அதிகம் பேசுவதில்லை என்று கார்ட்னர் எழுதினார். வயது ஏற ஏறப் பேச்சு இன்னும் குறையுமாம். நிறையப் பேசுகிறவரை அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களாம். பேட்டியை நம்பிவந்த ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது?

சோதனையே கண்டுபிடிப்பாகவும் ஆனது. ஒரு செடியின் பெயரைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். முதலில் அது குழப்பமாகத் தெரிந்திருக்கும். பிறகுதான் அதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்பட்டது. யாரும் யாருக்கும் ஆசிரியராக உட்கார்ந்து பாடம் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தானே நடந்து, தோண்டி, கடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். இன்னொருவர் சொன்னது தவறு என்று திருத்துவதுகூட அவர் மதிப்பில் கைவைப்பதாகிவிடும். ஒருவரையொருவர் சமமாக மதிப்பது, அதிகாரம் செலுத்தாமலிருப்பது, சண்டை வந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது ஆகியவை அவர்கள் வாழ்வின் அச்சு என்று 1966-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். இப்படி ஒவ்வொருவரும் தானே பட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவுக்கு அவர் ஒரு தனிக் கலைச்சொல் வைத்தார். தமிழில் அதற்கு முன்பே சொல் இருக்கிறது: பட்டறிவு. நாம் கேள்வியறிவையே அறிவென்று நினைத்துப் பழகியவர்கள். பள்ளிக்கூடத்தில் பளியர் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் 'மந்தம்' என்று குறித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டில் அதற்குப் பெயர் மரியாதை.

தன் பண்பாட்டின் அளவுகோலைப் பிறர்மீது வைத்து 'குறை' காண்பதைத் தன்னின மையவாதம் என்றும், எந்த வழக்கத்தையும் முதலில் அதன் சொந்தச் சூழலில் வைத்துப் புரிந்துகொள்வதைப் பண்பாட்டுச் சார்பியம் என்றும் பாடநூல்கள் சொல்லும். தமிழில் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' இவற்றை விரிவாகப் பேசுகிறது. சார்பியம் என்றால் எல்லாவற்றையும் சரி என்று ஒப்புக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தீர்ப்பை எழுதுவதற்கு முன் சாட்சியை முழுசாகக் கேள் என்கிற கட்டளை அது.

கார்ட்னர் பின்னாளில் இன்னொன்றையும் கவனித்தார். அதே பளியர்கள் சமவெளிக்காரர்களோடு பழகும்போது சமவெளியின் வழக்கங்களைக் கச்சிதமாகப் பின்பற்றுகிறார்கள். காட்டுக்குள் திரும்பியதும் தங்கள் முறைக்கு மாறிவிடுகிறார்கள். 2000-இல் வந்த அவர் நூல் இந்த இரட்டை வல்லமையைப் பற்றியதுதான். ஒருநாள் வந்து போகும் பார்வையாளர் இந்த இரண்டில் ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டு 'பளியர்கள் மாறிவிட்டார்கள்' என்று எழுதுவார். சுவீடனைச் சேர்ந்த கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம் பழனி மலைப் பளியர்களோடு களப்பணி செய்து 2003-இல் எழுதிய நூலும் இந்தத் திசையில்தான் போகிறது. வெளியுலகம் அறியாமல் ஒதுங்கிக் கிடந்தவர்கள் என்ற படம் அதில் நொறுங்குகிறது. காட்டுப்பொருள் வாங்குகிறவர்களோடும் தோட்டக்காரர்களோடும் உறவை வைத்துக்கொண்டே, யார் கைக்கும் முழுசாகப் போய்விடாமல், தங்கள் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களாக அவர்கள் அதில் வருகிறார்கள்.

குரங்கணிக்கு மேலே வாழும் முதுவர்களிடம் போனால் வேறொரு பாடம். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள், குழந்தைகளை முதுகில் சுமந்துவந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று. 'முதுகு–முதுவர்' என்ற சொல்லாராய்ச்சி சரியா என்று அகராதியைத் தேடி ஓடுவது ஒரு வகை. மானிடவியலாளர் வேறு கேள்வி கேட்பார்: இந்தக் கதை எப்போது, யாரிடம், எதற்காகச் சொல்லப்படுகிறது? 'நாங்கள் காட்டில் முளைத்தவர்களில்லை; மதுரையோடு உறவுள்ளவர்கள்' என்ற உரிமைக் குரல் அதில் இருக்கிறது. தொன்மம் ஒரு சமூகத்தின் உரிமைப் பத்திரம் போல வேலை செய்யும் என்று மாலினோவ்ஸ்கி சொன்னது இதைத்தான்.

மலையைவிட்டு இறங்கி ரயிலேறுவோம். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் மறுபடி போடிக்கு வந்தது. மதுரைக்குப் போகும் வழியில் உசிலம்பட்டியில் நிற்கும். அந்தப் பெட்டியில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மானிடவியலின் மிகப் பழைய புதிர் ஒன்று காதில் விழும். "வாங்க மாமா", "என்ன மாப்ள", "அயித்தை எப்பிடி இருக்காக?", "மதினி வரலையா?"

லூயி ஹென்றி மார்கன் என்ற நியூயார்க் மாநில வழக்கறிஞர் செனகா என்ற செவ்விந்திய மக்களின் உறவுப் பெயர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்பாவின் உடன்பிறந்தானையும் அவர்கள் 'அப்பா' என்றார்கள். அம்மாவின் உடன்பிறந்தாளையும் 'அம்மா' என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை. 1859-இல், தமிழ்நாட்டில் பணியாற்றிய ஓர் அமெரிக்க மிஷனரி வழியாகத் தமிழ் உறவுப் பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா. சொல்லுக்குள்ளேயே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்! மாமனும் அத்தையும் மட்டும் வேறு கட்சி. பூமிப்பந்தின் இரண்டு ஓரங்களில் ஒரே அமைப்பா என்று மார்கன் திகைத்துப்போனார். செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று முடிவுகட்டினார். அந்த முடிவு நிற்கவில்லை. தூரத்துச் சொந்தங்கள் வரை போய்ப் பார்த்தால் இரண்டு அமைப்பும் பிரிந்துவிடுகின்றன என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் 1871-இல் வந்த அவருடைய பெருநூல் உறவுமுறை ஆராய்ச்சி என்ற துறையையே தொடங்கிவைத்தது. அதன் அடிக்கல்லில் ஒன்று நம் வீட்டு மாமனும் சித்தப்பாவும். பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லித்தராமலிருப்பது எனக்குத் தீராத வருத்தம். எல்லாரையும் 'அங்கிள்' என்று அழைக்கப் பழகும் பிள்ளைக்கு, அந்த ஒரு சொல் எத்தனை சொற்களை விழுங்கியது என்று தெரிய வேண்டாமா?

உறவுப் பெயர்களையும் வம்சாவளியையும் முறைப்படி எழுதும் வழியைச் சீர்செய்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1901–02-இல் நீலகிரித் தோடர்களிடம் அதைப் பயன்படுத்தினார். நூல் 1906-இல் வந்தது. தோடர்கள் இறந்துபோன உறவினரின் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். பாட்டன் பெயரைப் பேரனிடம் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கணவர் பெயரைச் சொல்லாமல் ஜாடையில் உணர்த்திய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. எதைச் சொல்ல மறுக்கிறார்கள் என்பதும் ஒரு தகவல். அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

பிறகு லூயி துய்மோன். பிரெஞ்சுக்காரர். 1949–50-இல் உசிலம்பட்டிப் பகுதியில் பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்தார். கைரேகைச் சட்டம் நீங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அதே மக்களைப் பற்றி இம்முறை எழுதப்பட்டது குற்றப்பட்டியல் இல்லை. அவர்கள் கல்யாணம், கோயில், சீர், பங்காளி உறவு பற்றிய ஒரு பெரிய நூல். 1957-இல் பிரெஞ்சில் வந்தது. அதற்கு முன்பே, 1953-இல், ஒரு சிறிய கட்டுரையில் அவர் சொன்ன கருத்து உலகத்து மானிடவியலாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதுவரை எல்லாரும் 'மாமன்' என்றால் அம்மாவின் உடன்பிறந்தவன் என்று மொழிபெயர்த்துவிட்டு மேலே போனார்கள். துய்மோன் கேட்டார்: பிள்ளைக்கு அவர் மாமன், பிள்ளையின் அப்பாவுக்கு? மச்சான். இரண்டு குடும்பங்களுக்கிடையே ஒரு கல்யாணத்தில் உண்டான சம்பந்தம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கிவருகிறது. சொத்து இறங்குவதுபோலச் சம்பந்தமும் இறங்குகிறது. அதனால்தான் காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் சீர் வந்தாக வேண்டும். தாம்பாளங்கள் வரிசையாக மேளத்தோடு தெருவில் வரும்போது நடப்பது பாசம் மட்டுமா? என்றைக்கோ நடந்த ஒரு கல்யாணத்தின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கிறார்கள்.

கணக்கு என்றேன். தேனி, மதுரைப் பக்கம் எந்த விசேஷ வீட்டு வாசலிலும் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை. வீட்டுக்காரர் அதைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பார். வாங்கியது திரும்ப வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் புதிதாகவும் வைப்பது வழக்கம். வாங்கியதை அப்படியே காசுக்குக் காசாகத் திருப்பிவிட்டால் 'தீர்த்துக்கொண்டார்' என்று பொருளாகிவிடும். கொடுப்பது, பெறுவது, திருப்புவது ஆகிய மூன்றும் கடமைகள். கொடையாகத் தெரிவதற்குள் கடனும் உறவும் பின்னிக்கிடக்கின்றன என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதினார். பசிபிக் தீவுகளையும் பழைய சட்டநூல்களையும் திரட்டி அவர் நிறுவியதை நம் மொய் எழுதுபவர் மைக்கில் கூவிக்கொண்டே செய்துவிடுகிறார். ஒரு குடும்பத்தின் முப்பது வருட மொய் நோட்டுகள் கிடைத்தால், எந்த ஊரோடு உறவு வளர்ந்தது, எந்த ஆண்டில் கை இறுகியது, யாரோடு பேச்சு நின்றது என்று வரைபடமே போடலாம். இதைவிட உண்மையான ஆவணத்தை அரசாங்கம் தயாரித்ததில்லை.

இதே உசிலம்பட்டி வட்டாரத்துக்கு மரபியலும் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் சேகரித்த ரத்த மாதிரிகளில் எம்130 என்ற மரபுக் குறி சிலரிடம் இருப்பது தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதிப் பயணத்தின் தடம் அது என்று ஸ்பென்சர் வெல்ஸ் 2002-இல் நூல் எழுதினார். செய்தித்தாள்கள் 'முதல் இந்தியர்' என்று தலைப்புப் போட்டன. அங்கேதான் கவனம் தேவை. அந்தக் குறி ஒய் குரோமோசோமில், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் சொல்வது அவற்றில் ஒரே ஓர் இடத்தின் கதை. மற்ற 1,023 பேரும் வேறு வேறு வழியில் வந்தவர்களாக இருக்கலாம். ரத்தத்தில் ஒரு குறி இருப்பதை வைத்து ஒரு சமூகத்தை 'ஆதி' என்பதும், மூக்கை அளந்து 'தாழ்வு' என்றதும் முறையால் வேறு, பேராசையால் ஒன்று.

இனி ஜீப்புக்குத் திரும்பலாம். முனைவர் பட்டத்துக்காக ஒரு மாணவி போடிக்கு வந்து தங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏலக்காட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி ஆராய வேண்டும். முதல் வாரம் பகலில் வீடுவீடாகக் கேள்வித்தாளோடு போவாள். கதவு திறப்பவர்கள் கிழவர்களும் குழந்தைகளும். அவள் தேடி வந்தவர்கள் மலைமேல் இருக்கிறார்கள். மேலே போய் இடுக்கியின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் அங்கே குடியிருப்பவர்கள் கணக்கில் இவர்கள் இல்லை. தூங்குவது ஒரு மாநிலம், உழைப்பது இன்னொன்று. ஒரே ஊரில் கூடாரமடித்த மாலினோவ்ஸ்கியின் முறை இங்கே போதாது. ஆட்களும் பொருளும் போகும் வழியெல்லாம் கூடவே போக வேண்டும் என்று ஜார்ஜ் மார்கஸ் 1995-இல் எழுதினார். அதற்கு அவள் ஜீப்பில் ஏற வேண்டும்.

தோட்டத்தில் ஏலச்செடியின் சரங்கள் தூரிலிருந்து தரையோடு படர்ந்திருக்கும். குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க முடியும். ஒரு சரத்தில் பூ, பிஞ்சு, முற்றல் எல்லாம் ஒன்றாக இருக்கும். உள்ளே விதை கறுத்து, பழமாகும் முன்னே உள்ள பதத்தில் இருப்பதை மட்டும் பறித்துவிட்டு மற்றதை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும். மாதம் ஒன்று, ஒன்றரை கழித்து மறுபடி அதே செடி. "எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று மாணவி கேட்பாள். "பாத்தா தெரியும் தாயி." அதற்கு மேல் விளக்கம் வராது. அவளும் குந்தி உட்கார்ந்து, பிஞ்சைப் பறித்துத் திட்டு வாங்கி, முதுகு வலித்து, மூன்றாவது வாரத்தில் விரல் தானாகச் சரியான காய்க்குப் போகும்போது, கார்ட்னர் பளியர்களிடம் கண்ட பட்டறிவு என்ன என்று கட்டுரையில் படித்ததைவிட நன்றாகத் தெரிந்துவிடும்.

காயைப் பின்தொடர்ந்தால் ஸ்டோரில் உலர்த்துவது, போடியில் பெண்கள் கிட்டங்கிகளில் உட்கார்ந்து தரம்பிரிப்பது, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம், அங்கிருந்து வளைகுடா நாட்டுக் காப்பிக்கோப்பை என்று வழி நீளும். போட்டிக்கு நிற்பது குவாதமாலா. அங்கே மலைச்சரிவில் ஏலக்காய் பறிக்கும் கெக்சி மாயா குடும்பங்களின் சமையலில் ஏலக்காய்க்கு இடமில்லை. போடிப் பெண் பொங்கலுக்குப் பாயசம் வைத்தால் நாலு காய் தட்டிப்போடுவாள். ஒரே செடி, ஒரே குனிந்த முதுகு; வீட்டுக்குள் அந்தக் காய்க்கு வெவ்வேறு வாழ்வு. ஒப்பிட்டுப் பார்ப்பதன் பயன் இது.

ராத்திரி அறைக்குத் திரும்பி, தூக்கம் கண்ணை இழுத்தாலும், மாணவி அன்றைக்குக் கண்டதை எழுதியாக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் நினைவு தனக்கு வசதியாகத் திருத்திவிடும். என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எப்படிச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்ற மூன்றையும் கலக்காமல் தனித்தனியே எழுத வேண்டும். "எல்லாருக்கும் ஒரே கூலி" என்று கங்காணி சொன்னது ஒரு பத்தி. ஜீப்பில் யார் முன்னிருக்கை, யார் பின்னால் தொங்கினார்கள் என்பது இன்னொரு பத்தி. பெயர்களை மாற்றி எழுத வேண்டும். முன்பணம் வாங்கியவர் யார், சங்கத்தில் பேசியவர் யார் என்பது நூலில் அடையாளம் தெரிந்தால் அவர் வேலை போகும். எதற்காகக் கேட்கிறேன் என்று முன்னமே சொல்லிச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். மறுப்பவரை மறுபடி நச்சரிக்கக் கூடாது. இந்த நெறிகள் காகிதத்தில் பிறந்தவையில்லை. பெருங்காமநல்லூர் போன்ற ஊர்களின் வழியாக வந்தவை.

இதற்கிடையே அவர்களும் அவளை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். என்ன சாப்பிடுகிறாள், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறாள், ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை. சில மாதத்தில் ஜீப்பில் ஒருத்திக்கு அவள் தங்கச்சி, இன்னொருத்திக்கு மதினி. முறை வைக்காமல் ஒருவரை நெடுநாள் அழைக்க அந்தப் பேச்சில் வழியில்லை. மதினி என்று ஆனதும் கேலி செய்யும் உரிமையும் வந்துவிடும். தங்கச்சிக்கு அது கிடையாது. எந்த முறை கிடைத்ததோ அதைப் பொறுத்து அவள் காதில் விழும் செய்தியும் மாறும். தன் நூலில் இதையும் அவள் எழுத வேண்டும், ஏனென்றால் அவள் எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காட்டு வேலைக்கு உடன்வரும் ஓர் அக்காவின் பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தலில் இலை போட்டுச் சாப்பாடு முடிந்து, நோட்டும் பேனாவும் பையில் கிடக்க, அவள் மொய் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறாள். இருநூற்றொரு ரூபாயை நீட்டுகிறாள். எழுதுகிறவர் பெயரைக் கேட்டு எழுதுகிறார். அதற்கு முன்னால் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார்.

"எந்த ஊருன்னு போடட்டும்மா?"